இனி நனையாத கடிதம்

நோர்வேயின் புருசெத்தில் எங்கள் தொடர்மாடியில் ஒரு வழக்கம் உண்டு. படிக்கட்டில் யாராவது இறங்கும் சத்தம் கேட்டால், வெளியே புறப்பட்டவர் கதவுக்குப் பின்னாலேயே நின்று, அந்தக் காலடி கீழே போய் மறையும்வரை காத்திருப்பார். முகம் பார்த்து வணக்கம் சொல்லும் சங்கடத்தைத் தவிர்க்கத்தான். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது நானும் அப்படித்தான் நிற்கிறேன்.

அப்படி ஒளியாத ஒரே மனிதர் மேல்மாடி ஹோகொன். ஒருநாள் தபாற்பெட்டியடியில் என் கையிலிருந்த படத்தைப் பார்த்து நின்றுவிட்டார். பழைய அமெரிக்க பேஸ்போல் வீரர் ஒருவர் கையெழுத்திட்ட படம். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்காக எல்லே விளையாடியவன் நான். தடியால் பந்தை அடித்து, சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால்தான் புள்ளி. எங்கள் ஆட்டக்காரர்களின் துண்டுக் காகிதம்கூட எங்கும் மிஞ்சவில்லை. பேஸ்போலிலும் அதே ஓட்டம்தான் என்று கண்டபின், அதன் ஆரம்பகால வீரர்களின் கடிதங்களையும் படங்களையும் தேடிச் சேர்க்கத் தொடங்கினேன். எனக்கு விசர் என்று சொந்தக்காரர் முடிவு கட்டிவிட்டார்கள்.

ஹோகொனின் அப்பப்பாவுடைய தம்பி அமெரிக்கா போய், அந்த நாள் பேஸ்போலில் பேர் எடுத்தவர். அவர் வீட்டுக்கு எழுதியதில் மிஞ்சியது ஒரே கடிதம். வீடு திருத்தி முடியும்வரை வைத்திரு என்று ஹோகொன் அதை என்னிடம் தந்தார். பென்சிலால் எழுதிய இரண்டு பக்கம். பந்து பட்டு விரல் முறிந்ததாம். அடுத்த கோடைக்கு ஊருக்கு வருகிறாராம். வரவேயில்லை என்றார் ஹோகொன். இந்த ஊரில் என்னை நம்பி ஒருவர் ஒன்றைத் தந்தது அதுதான் முதல் தடவை.

போன சனிக்கிழமை வேலையால் வந்தபோது கடிதம் மேசையில் மினுங்கியது. "ஓரம் உதிரத் தொடங்கீட்டுது. அதுதான் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலை குடுத்து லமினேற் பண்ணிக்கொண்டு வந்தனான்," என்றாள் மனைவி வசந்தி. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை உரித்தால் எழுத்தும் சேர்ந்து உரிந்துவிடும். ஆனால் அவளை எந்த வாயால் ஏசுவது? போரில் இடம்பெயர்ந்தபோது கழுத்தளவுத் தண்ணீரில் கடனீரேரியைக் கடந்தவள். பொலித்தீனில் சுற்றிய பிறப்புச் சான்றிதழைத் தவிர மற்றக் காகிதமெல்லாம் கூழாகிப்போனது.

நேற்று ஹோகொன் வந்தார். தேநீரோடு வசந்தியே கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் ஓரத்தை ஒருமுறை சுரண்டினார். நோர்வேஜிய மொழி இன்னும் வாயில் வராத வசந்தி, "இனி எங்கை ஓடினாலும் நனையாது எண்டு சொல்லுங்கோ," என்றாள். அப்படியே சொன்னேன்.

"நாங்கள் எங்கே ஓடப்போகிறோம்?" என்று கேட்டார் அவர், உண்மையாகவே விளங்காமல்.

"என்னவாம்?"

"நல்லாயிருக்காம்."

அவள் முகம் மலர்ந்தது. ஹோகொன் "யா, யா" என்று, சரி போகட்டும் என்பதுபோல் எழுந்தார். "நீயே வைத்துக்கொள்," என்றார். தேநீர் அப்படியே இருந்தது.

இன்று காலை வேலைக்குப் புறப்பட்டபோது படியில் அவருடைய காலடி கேட்டது. கதவுக்குப் பின்னால் நின்றேன். ஓடவேண்டி வந்தால் தூக்குவதற்கென்று வசந்தி கட்டி ஆணியில் மாட்டியிருக்கும் பை என் தோளில் முட்டியது. எங்கள் கடவுச்சீட்டுகளோடு அந்தக் கடிதமும் இப்போது அதற்குள்தான் இருக்கிறது. காலடி என் வாசலில் சற்று நின்றது. பிறகு இறங்கிப் போனது. நான் கைப்பிடியைப் பிடித்தபடி, அது மறையும்வரை காத்திருந்தேன்.