குதிரைக் காசும் முந்திரி எண்ணெயும்

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு ஆத்திரம் வந்தால்தான் புத்தியே வேலை செய்ய ஆரம்பிக்கும். என் வீட்டுக்காரர் இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். குதிரைக் காசு விவகாரத்துக்குப் பிறகு சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறார், சிரிப்பதில்லை.

பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடை வயிற்றுக்கு. மனசுக்குப் பழைய காசு சேர்க்கிறேன். "செல்லாக் காசுக்குச் சீமாட்டி" என்று சொந்தத்தில் எனக்கு ஒரு பட்டப்பெயரே உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும்.

என்னிடம் உள்ளதிலேயே உசத்தி ஒரு காலணா. சுதந்திரம் வந்த புதிதில் அடித்தது. ஒரு பக்கம் சிங்கத் தலைகள், மறுபக்கம் ஓடுகிற குதிரை. குதிரைக் காசு கிடைப்பது ஒன்றும் அதிசயமில்லை, தேடினால் பல வீட்டில் இருக்கும். ஆனால் அதெல்லாம் கைமாறிக் கைமாறிப் பழுப்பேறியது. என்னுடையது அடித்த அன்றைக்கு இருந்த செம்புச் சிவப்போடு அப்படியே இருந்தது. யாரோ வாங்கி, செலவழிக்க மனசில்லாமல் மடித்து வைத்துவிட்டார்கள் போல. அந்தச் சிவப்பு ஒருமுறை போனால் போனதுதான். எதைப் போட்டுத் தேய்த்தாலும் வேறொரு பளபளப்புதான் வரும், அது வராது. காசு சேர்ப்பவர்கள் மத்தியில் 'தேய்ச்ச காசு' என்று சொன்னால் அது கெட்ட வார்த்தை.

அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் காசுக் கண்காட்சி வைப்பதாகவும், எனக்கும் ஒரு மேசை தருவதாகவும் சொன்னார்கள். எனக்கு அதுதான் முதல் மேசை. மண்டபத்தின் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். தேய்க்காத, மெருகு போடாத காசுக்கு மட்டும் அதில் இடம். அதில் வைக்க என் குதிரைக் காசைக் கொண்டுவருகிறேன் என்று போனிலேயே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அப்போது பார்த்து எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. வீடு தலைகீழாகக் கிடந்தது. காசுப் பெட்டியை எங்கே வைப்பது என்று யோசித்து, ஆண்டிமடத்தில் இருக்கும் என் வீட்டுக்காரரின் அக்காவிடம் கொடுத்துவைத்தேன். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவரைவிடப் பத்திரமான ஆள் எங்கள் சொந்தத்தில் கிடையாது. முந்திரி உடைக்கிற வேலை, வாய் திறந்து பேசுவது அபூர்வம், அடுத்தவர் பொருளைத் தொட மாட்டார்.

வெள்ளையடித்து முடிந்து பெட்டியை வாங்கப் போனேன். மரப்பெட்டி கன்னங்கரேலென்று மினுங்கியது.

"அடியில கரையான் மண்ணு கட்டியிருந்துச்சும்மா. அதான் முந்திரி எண்ணெய் பூசிவுட்டேன். எங்க வூட்டு உத்தரத்துக்கே அதான் பூசுறோம். இனிமே ஒரு பூச்சி அண்டாது" என்றார் அண்ணி.

முந்திரி எண்ணெய் என்றால் பருப்பில் எடுப்பது அல்ல, ஓட்டிலிருந்து வடிவது. தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். மரத்தில் பூசினால் கரையான் கிட்டே வராது.

"திறந்து பூசினீங்களா அண்ணி?"

"ஒம் பொட்டிய நான் ஏன் தொறக்குறேன்? பூட்டுனது பூட்டுனபடிதான் இருக்கு. சந்து பொந்து எல்லாத்துலயும் நல்லா வழிய வுட்டுப் பூசிருக்கேன்."

திறந்தேன். பலகைச் சந்து வழியாக எண்ணெய் உள்ளே இறங்கி, காகித உறைகளெல்லாம் ஊறிப் போயிருந்தன. குதிரைக் காசு இருந்த உறையைப் பிரித்தால் காசு கறுப்பாக, பிசுபிசுவென்று காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அண்ணி அதைப் பார்த்துவிட்டுக் கதவோரமாகப் போய் நின்றுகொண்டார். திறந்திருந்தால் இந்தச் சேதம் வந்திருக்காது. திறக்கக் கூடாது என்கிற மரியாதைதான் காசைக் குளிப்பாட்டிவிட்டது. யாரைத் திட்டுவது? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"இது எதுல போகும் அண்ணி?" என்று மட்டும் கேட்டேன்.

"வெந்நி, சோப்பு எதுக்கும் அசையாது. ஈரமா இருக்கையிலயே எடுத்தாத்தான் உண்டு. இறுகிப்போச்சுன்னா வார்னிஷ் மாதிரி புடிச்சுக்கும்" என்றார் அவர். பிறகு மெதுவாக, "புளியப் போட்டுத் தேச்சுப் பாக்கலாமா?" என்றார்.

பெரம்பலூர் வந்து சேர்வதற்குள் எங்கள் சொந்தமெல்லாம் காசு வைத்தியராகிவிட்டது. ஒருத்தர் போனில் எலுமிச்சம்பழம் என்றார். இன்னொருத்தர் பல் தேய்க்கிற பேஸ்ட். அடுத்த வீட்டு அக்கா, குத்துவிளக்குக்குப் போடுகிற பொடியைக் கிண்ணத்தில் போட்டே எடுத்து வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் மட்டும் புதிதாக எதுவும் சொல்லவில்லை. "தலைக்கு மேல வெள்ளம் போன பொறவு சாண் என்ன, முழம் என்ன? எதையாவது போட்டுத் தேச்சு வுடு" என்றார்.

அங்கேதான் எனக்கு ஆத்திரம் முற்றிப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. புளியும் எலுமிச்சையும் புளிப்பு. அவை அழுக்கை மட்டும் எடுப்பதில்லை, காசின் மேல்தோலையும் சேர்த்து அரிக்கும். பொடியும் பேஸ்ட்டும் சுரண்டும். எண்ணெய் போய்விடும், குதிரையின் சிவப்பும் கூடவே போய்விடும். எனக்கு வேண்டியது பிசினைக் கரைக்கிற ஒன்று. காசை அது கண்டுகொள்ளவே கூடாது. கரைத்து முடித்தபின் தன் பங்குக்கு எதையும் காசின் மேல் விட்டுவிட்டும் போகக் கூடாது.

அண்ணிக்குப் போன் செய்து, அதே எண்ணெயைக் கொஞ்சம் பாட்டிலில் அனுப்பச் சொன்னேன். எதற்கு என்று கேட்காமல் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். பழுப்பேறிப்போன சாதாரணக் காலணாக்களை எடுத்து, கையுறை போட்டுக்கொண்டு அந்த எண்ணெயைப் பூசிக் காயவைத்தேன். உசத்தியான காசில் கை வைப்பதற்கு முன், போனாலும் கவலையில்லாத இந்த ஊதாரிக் காசுகளில் பார்த்துவிட வேண்டும்.

மண்ணெண்ணெய் பிசினைக் கொஞ்சம் இளக்கியது. ஆனால் அதன் வழவழப்பும் வாடையும் காசோடு தங்கிவிட்டன. பெட்ரோலில் என்னென்ன கலந்திருக்கிறதோ, அது எனக்கும் தெரியாது, ஊற்றிக் கொடுப்பவருக்கும் தெரியாது. பெயிண்டு கடைத் தின்னரும் அப்படித்தான், டப்பாவில் பெயர் பெரிதாக இருக்கிறது, உள்ளே இருப்பது என்ன என்று இல்லை. கடையில் ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடியைத் துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட்டை ஊற்றினேன். அது பழுப்பாகக் கொஞ்சம் கரைத்துவிட்டு, போதும் என்று நின்றுவிட்டது. நகப்பூச்சு அழிக்கிற திரவம் நன்றாகவே கரைத்தது. ஆனால் காய்ந்தபின் பார்த்தால் காசின் மேல் ரோஸ் நிறத்தில் ஒரு படலம், பூ வாசனை வேறு. சீசாவைத் திருப்பிப் படித்தேன். அசிட்டோன், அதோடு நிறம், மணம், நகத்துக்கு எண்ணெய். நகத்துக்கு எண்ணெய் நல்லது, என் குதிரைக்கு எதற்கு? அப்படியானால் வேண்டியது வெறும் அசிட்டோன்தான், ஒன்றும் கலக்காதது.

காலேஜ் லேபுகளுக்குச் சாமான் கொடுக்கிற கடை ஒன்றைத் தேடிப் போனேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தக் காலேஜுங்க?"

"காலேஜ் இல்லீங்க, காசு."

"காசு குடுத்தாத்தான் தருவோம். எதுக்குன்னு கேட்டேன்."

"காசு கழுவறதுக்குத்தாங்க."

அவர் மறுபடி ஒருமுறை என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சுத்தமான சரக்கு ஒரு பாட்டில் எடுத்து வைத்தார். "அடுப்புப் பக்கம் கொண்டுபோவாதீங்க. சட்டுனு புடிச்சுக்கும். ஜன்னலைத் தொறந்து வச்சுட்டுச் செய்யுங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அவசரத்தில், ஸ்வீட் வாங்கி வந்த கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு ஊதாரிக் காசைப் போட்டு ஊற்றினேன். டப்பா வெளுத்துக் குழைந்து, உருகிய பிளாஸ்டிக் காசின் மேலேயே அப்பிக்கொண்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காவது இதுதான். நல்லவேளை, குரங்கானது ஊதாரிக் காசு. அடுத்த காசைப் பாயசம் குடிக்கிற கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டேன். எண்ணெய் கரைந்து காசை விட்டு இறங்கியது. எடுத்த மாத்திரத்தில் காய்ந்தது. படலமில்லை, வாசனையில்லை. பழுப்புக் காசு அதே பழுப்பில் இருந்தது. எனக்குப் போதும்.

மறுநாள் காலையில் சமையலறையில் அடுப்பை அணைத்து, சிலிண்டர் வால்வை மூடி, ஜன்னல் கதவெல்லாம் திறந்து வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு வீட்டில் டீ கிடையாது. என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார்.

குதிரைக் காசைக் கிண்ணத்தில் விட்டு, அசிட்டோன் ஊற்றி, தட்டால் மூடினேன். கொஞ்ச நேரத்தில் காசைச் சுற்றி டிகாக்‌ஷன் இறங்குவது போலப் பழுப்பு இறங்க ஆரம்பித்தது. அழுக்கானதை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றினேன். மறுபடி பழுப்பு. மறுபடி புதிது. சிங்கத் தலைகள் தெரிந்தன. திருப்பிப் போட்டேன். குதிரையின் முதுகு வந்தது, வால் வந்தது. கால்களுக்கு இடையில் மட்டும் கறுப்பு அசையவில்லை. அங்கே எண்ணெய் இறுக ஆரம்பித்துவிட்டது.

தேய்க்கச் சொல்லிக் கை துறுதுறுத்தது. பக்கத்திலேயே பஞ்சு இருக்கிறது. ஒரே ஒரு தேய் தேய்த்தால் கறுப்பு போய்விடும். ஆனால் அந்தச் சிவப்பு மேல்தோலில் பஞ்சு இழுத்த கீறல், சாய்த்துப் பிடித்தால் முடி மாதிரி தெரியும். லென்ஸ் வைத்திருப்பவர் கண்ணுக்கு அது தப்பாது. பஞ்சை எடுத்து ஜன்னல் வழியாக வீசிவிட்டேன். புதிதாக ஊற்றி, மூடி, காத்திருந்தேன்.

அண்ணி போன் செய்தார். "போயிடுச்சா?"

"கால்கிட்ட நிக்கிது அண்ணி."

"ஊற வுடு. அவசரப்படாத. உடைக்கிறப்ப நாங்க கூட அப்புடித்தான், அவசரப்பட்டா பருப்பு ஒடஞ்சிரும்" என்றார். அவராகப் போன் செய்து பேசியது அதுவரை கிடையாது.

மதியத்துக்கு மேல் தட்டைத் தூக்கினேன். கால்களுக்கிடையில் இருந்த கறுப்பு தானாகச் செதிலாகக் கழன்று அடியில் கிடந்தது. கடைசியாக ஒருமுறை புதிது ஊற்றினேன். அது தெளிவாகவே நின்றது. எங்கள் ஊர் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டுகூடப் படவிடாமல், ஓரத்தைப் பிடித்து எடுத்து வைத்தேன். துடைக்கவில்லை. அதுவாகக் காய்ந்தது.

சிவப்பு இருந்தது. ஒரு இடத்திலும் குறையாமல், அடித்த அன்றைக்கு இருந்த சிவப்பு இருந்தது. நான் எழுந்து நின்று தனியாகக் கைதட்டினேன். மறுபடியும் டீக்கடைக்குப் போய்த் திரும்பிய என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயந்ததாகப் பிறகு சொன்னார்.

அரியலூருக்கு அண்ணியையும் வரச் சொல்லியிருந்தேன். வந்தார், ஆனால் மண்டபத்துத் தூணோரமாகவே நின்றார். கண்ணாடிப் பெட்டிக்குப் பொறுப்பாக இருந்தவர் ரிட்டயரான மனிதர். கண்ணில் லென்ஸை வைத்து என் காசை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"கை படாத காசுங்க. இத்தன வருஷம் எதுவும் பண்ணாம வச்சிருந்தீங்களே, அதுவே பெரிசு" என்றார்.

நான் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் மறைத்து வைத்து அந்த இடத்தை வாங்க எனக்கு விருப்பமில்லை. "பண்ணிருக்கேன் சார். போன வாரம் இது முந்திரி எண்ணெயில ஊறிக் கெடந்துச்சு" என்றேன்.

"விளையாடாதீங்கம்மா. அது பட்டா இந்தச் சிவப்பு எப்புடி மிஞ்சும்?"

"மெய்தாங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அண்ணி தூணை விட்டு வந்திருந்தார். "நான்தாங்க பூசுனேன். எந் தம்பி பொண்டாட்டி ஒரு தேயும் தேய்க்கல. கரைச்சே எடுத்துருக்கு."

ரிட்டயரானவர் லென்ஸை மறுபடி கண்ணில் வைத்தார். இந்த முறை குதிரையின் கால்களையே வெகுநேரம் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர்கள் கூடிவிட்டார்கள். கடைசியில் அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, நடுவில் இருந்த காசைத் தள்ளி வைத்தார்.

"இங்க வைங்க" என்றார். "எதுல கரைச்சீங்கன்னு பொறவு எனக்கும் சொல்லணும்."

எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. காசை அண்ணியிடம் நீட்டினேன். "நீங்க வைங்க அண்ணி."

"ஐயோ, நான் தொட மாட்டேன்."

"தொடுங்க. ஓரத்தப் புடிச்சுத் தொடுங்க."

இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து, மூச்சுகூட விடாமல் வைத்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. கண்காட்சி முடியும் வரை அந்தப் பெட்டி பக்கத்திலேயே நின்று, பார்க்க வந்தவர்களுக்கெல்லாம், "எங்க வூட்டுக் காசுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.