மச்சினனுக்காக மலையேறிய சைக்கிள்கள்

என் சித்தப்பா சைக்கிள் கடைக்காரர். சைக்கிளில் ஊர் சுற்ற வருபவர்கள் அவரிடம்தான் வழி கேட்பார்கள். கடலோரம் சமமான சாலை இருக்க, எல்லோரையும் மலைச்சாலையில் ஏற்றிவிடுவார். கடலோரச் சாலையில் அவர் மச்சினனின் டீக்கடை இருந்ததுதான் காரணம். என் அக்கா கல்யாணத்தில் ஒரு நாற்காலிக்காக இருவருக்கும் சண்டை. "அவன் கடையில ஒருத்தனும் டீ குடிக்கக் கூடாது!" என்பார் சித்தப்பா.

ஈ ஓட்டிச் சலித்த மச்சினன், கடையை மலையுச்சிக்கே மாற்றினார். மூச்சிரைக்க ஏறியவர்களால் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க, சித்தப்பா சைக்கிளை மிதித்து மேலே போனார். வாயைத் திறந்தால் மூச்சுதான் வந்தது.

"முதல்ல டீயக் குடிங்க மாமா, அப்புறம் திட்டுங்க."

குடித்ததும் கோபம் இறங்கிவிட்டது. திட்டு பாக்கியிருக்கிறதென்று இன்றும் தினமும் ஏறுகிறார்.