வேல்விழியின் வெயில் மணி

சூரியன் காலையில் எழும்புவதே வேல்விழியிடம் கேட்டுவிட்டுத்தான். அவளுக்கு நிகரான சூரிய சக்தி விஞ்ஞானி வியாழன் கிரகத்தில்கூடக் கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் பாதியோடு நின்றுபோன பாண்டிமீனா நான் சொல்கிறேன், நம்புங்கள்.

வேல்விழி பத்தாவது. ஏழாயிரம்பண்ணையில் எங்களுக்குப் பக்கத்து வீடு. போன சித்திரையில் அவளுடைய அக்கா யோகலட்சுமி, பட்டாசுக் கம்பெனியில் மருந்து காயவைக்கும் மேடையில், உச்சி வெயிலில் மருந்து பற்றிக்கொண்டு செத்துப்போனாள். அன்றிலிருந்து வேல்விழி அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அவள் பைக்குள் ஓணான் விட்டேன். எடுத்து வேலியில் விட்டுவிட்டுக் கையைக் கழுவினாள். செருப்பை இடம் வலம் மாற்றி வைத்தேன். மாற்றியபடியே போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வந்தாள்.

அப்புறம் ஒருநாள் மணி செய்ய உட்கார்ந்தாள். கையகலச் சோலார் தகடு, ஒரு மணி, அட்டைப்பெட்டி. வெயில் அளவு மீறினால் அடிக்கும். அடித்தால் எல்லாரும் மேடையை விட்டு ஓடிவிட வேண்டும். அவள் அம்மா முருகம்மாளுக்கு இன்னமும் அதே மேடையில்தான் வேலை.

போர்மேன் செழியன் சொல்லியிருந்தார்: "போட்டியில ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வா தாயி. மொதலாளிகிட்டக் காட்டி அங்கன மாட்டிருவோம்."

மாற்று எரிசக்திப் போட்டி, சூலக்கரைப் பக்கம் ஒரு பள்ளி மைதானத்தில். பெட்டி தூக்க நானும் போனேன். போன நேரம் வானம் மூடிக்கொண்டது. பக்கத்து மேசைப் பையன் தன் காற்றாலையை வாயால் ஊதிச் சுற்றவிட்டுக்கொண்டிருந்தான். எங்கள் மணி கம்மென்று கிடந்தது. அடிக்காத மணிக்கு யார் சர்டிபிகேட் கொடுப்பார்கள்? அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரம், எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டிலிருந்து கொண்டுவந்த இரண்டு பேட்டரி செல்லைப் பெட்டிக்குள் வைத்து, மணியோடு வயரை முறுக்கிவிட்டேன்.

நான் முறுக்கி முடிக்கவும், அவளும் நடுவரும் ஒன்றாக வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மைதானமே திரும்பிப் பார்க்க மணி அடித்தது.

"அருமைம்மா," என்று பேனாவைத் திறந்தார் நடுவர்.

வேல்விழி வானத்தைப் பார்த்தாள். பெட்டியைக் கவிழ்த்து செல்லைப் பிடுங்கினாள்.

"இது பொய் சார். இந்த மேகத்துக்கு அடிக்கக் கூடாது. சும்மா சும்மா அடிச்சா, நெசமா அடிக்கயில ஒருத்தரும் ஓட மாட்டாக."

அவர் எதையோ எழுதிக்கொண்டு நகர்ந்தார். அவள் நான் முறுக்கிய வயரைப் பிரித்துவிட்டு, தகட்டை வானம் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

பன்னிரண்டரைக்கு மேகம் விலகி வெயில் சுள்ளென்று விழுந்தது. மணி தானாக அடித்தது. ஆறு மேசை தாண்டியிருந்த நடுவர் திரும்பி வந்தார். தகட்டைக் கையால் மறைத்தார். நின்றது. கையை எடுத்தார். அடித்தது.

ஆறுதல் பரிசுதான். ஆனால் சர்டிபிகேட் உண்டு.

பஸ்ஸில் அதை மடியில் வைத்திருந்தாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"அந்தக் காத்தாலைப் பயதான் செல்ல வச்சிருப்பான்," என்றேன்.

அவள் இரண்டு செல்லையும் என் கையில் வைத்தாள். ஸ்பிரிங் துருப்பிடித்த எங்கள் டிவி ரிமோட்டுக்காக நான் சுற்றிய மிட்டாய்த் தாள், ஒன்றின் முனையில் அப்படியே இருந்தது.

"ஏட்டி, ஒங்கம்மா இப்ப சேனல எப்படி மாத்துதாக?"