ஒன்பதாம் நம்பர் ஷூவும் செம்பூர்ச் சரிவும்

போன மழைக்காலத்தில் செம்பூர் கோல்ஃப் மைதானத்தில், ஐந்தாவது குழிக்குப் போகும் சரிவில் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகியது. இரண்டு மாதம் கட்டுப் போட்டுக் கிடந்தேன். மெம்பர்களின் பையைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் என் பிழைப்பு. நடை போனால் சோறு போச்சு. விழுந்தது வேலை நாளிலும் இல்லை. திங்கள்கிழமை மெம்பர்களுக்கு மைதானம் கிடையாது, பை தூக்குகிற நாங்களே ஆடிக்கொள்ளலாம். அப்படி ஆடும்போதுதான் விழுந்தேன். இந்த வருடம் மழை தொடங்கியதும் என் மனைவி பேச்சி சொல்லிவிட்டாள்: "இன்னொருக்க விழுந்திய, திங்கக்கெழம வெளையாட்டு அத்தோட சரி, பாத்துக்கிடுங்க." அதனால் நல்ல ஷூ வாங்கிக்கொண்டு ஆடப் போகலாம் என்று ஒரு திங்கள்கிழமை காலை கிளம்பினேன். ஷூ தேடுகிறவர்களுக்கு உதவும் என்று வழியையும் செலவையும் எழுதுகிறேன்.

கோபர்கைரனேயில் 8.40க்கு ரயில். வாஷியில் ஒரு வண்டி மாறி, குர்லாவில் இன்னொன்று மாறி, சயானில் இறங்கும்போது 10.05. டிக்கெட் பதினைந்து ரூபாய். குர்லா பாலத்தில் வாங்கிய இடி இலவசம். அங்கிருந்து தாராவி தோல் கடைகளுக்கு இருபது நிமிட நடை. ஆட்டோ கிடைக்கும், ஆனால் நடந்தேன். கால் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

பேச்சியின் சித்தி மகள் இசக்கியம்மாள் அங்கே கடை வைத்திருக்கிறாள். ஏற்றுமதிக்குத் தைத்ததில் மிஞ்சிய ஷூக்கள் அவளிடம் இருக்கும். எனக்குக் கொழுந்தியா முறை, ஆகவே மரியாதையை எதிர்பார்க்கக் கூடாது.

"எந்த நம்பர் அத்தான்?"

"ஒம்பது."

போட்டுக்கொண்டு, கடையில் தொங்கிய கனமான பையொன்றைத் தோளில் மாட்டி, வாசல் வரைக்கும் நாலு நடை நடந்தேன். நன்றாகத்தான் இருந்தது. கட்டிக் கொடு என்றேன்.

"நடந்து பாத்திய. அடிச்சுப் பாத்தியளா? பை தூக்கவா போறிய இன்னிக்கு?"

அவள் குடையை மட்டை மாதிரிப் பிடித்து வீசினேன். இடுப்பு திரும்பியது, கால் திரும்பியது, ஷூ மட்டும் அங்கேயே நின்றது. குதிகால் பாதி வெளியே.

"ஒங்க காலு எட்டு அத்தான். வாய்தான் ஒம்பது. யாரு சொன்னா ஒம்பதுன்னு?"

யாரும் சொல்லவில்லை. மாட்டுங்காவில் இருக்கும் விஸ்வநாதன் சாரின் பையை இருபத்தாறு வருடம் தூக்கினேன். வருடத்துக்கு ஒரு தடவை தன் பழைய ஷூவைக் கொடுப்பார். அவருக்கு ஒன்பது. கடைசியாகக் கொடுத்த ஜோடியைத்தான் போன வருடமும் போட்டிருந்தேன். விரல் பக்கம் பேப்பரைச் சுருட்டி அடைத்துப் போட்டுக்கொள்வேன். எங்களில் பாதிப் பேர் அப்படித்தான். யார் பையைத் தூக்குகிறோமோ அவர் நம்பர்தான் எங்கள் நம்பர். பையோடு நடக்க அது போதும். போன வருடம் புல்லில் வழுக்கியதைவிட, ஷூவுக்குள்ளேதான் கால் அதிகம் வழுக்கியிருக்கிறது என்று அந்தக் கடையில்தான் புரிந்தது.

எட்டில் மூன்று ஜோடி பார்த்தோம். இரண்டு கையால் முறுக்கியபோது ஈரத்துணி மாதிரித் திரும்பிய ஜோடியை ஒதுக்கினோம். அடிப்பாகம் வழவழவென்று இருந்ததையும் வேண்டாம் என்றேன், மழைப் புல்லைப் பிடிக்க ஷூவின் அடியில் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் முள் வேண்டும். மூன்றாவதைப் போட்டு வீசினேன், காலோடு சேர்ந்து திரும்பியது. குதிகால் இறுக்கம், விரல் முன்னால் கட்டைவிரல் அகலம் இடம். 2,200 சொன்னாள், 1,900க்குக் கொடுத்தாள். "அக்கா மொகத்துக்காவத்தான் கொறைக்கேன்" என்றாள்.

ஷூவைச் சாரிடம் காட்ட மாட்டுங்காவுக்கு பஸ், பத்து ரூபாய், இருபத்தைந்து நிமிடம். சயானைத் தாண்டி நகருக்குள் ஆட்டோவுக்கு அனுமதி இல்லை, கெஞ்சிப் பிரயோஜனம் இல்லை. சார் முட்டிவலியால் ஆட்டத்தை விட்டு நாலு வருடம் ஆகிறது. காபி கொடுத்துவிட்டு ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எட்டா? அப்போ இத்தனை வருஷமா ஒம்பதை ஏன்டா வாங்கிண்டே?"

"நீங்க குடுத்தா வேண்டாம்னு சொல்லுவாங்களா சார்?"

"சொல்லியிருந்தா நான் எட்டே வாங்கிப் போட்டுண்டிருப்பேனே."

சிரித்தோம். ஷூவைப் பெட்டியில் வைத்துக்கொண்டே கேட்டார். "அஞ்சாவதுல அந்தப் பெரிய மரம் இருக்கோ?"

"இருக்கு சார். நீங்க அடிச்ச பந்தெல்லாம் அதுலதான் இருக்கு."

"போடா. சரிவுல என்ன ஆச்சுன்னு ஃபோன் பண்ணு."

கிங்ஸ் சர்க்கிளில் ரயில் ஏறி, வடாலாவில் மாறி, சுனாபட்டி வழியாகச் செம்பூர். பத்து ரூபாய், நாற்பது நிமிடம். இரண்டரை மணிக்கு அந்தச் சரிவில் நின்றேன். தூறல், புல்லெல்லாம் தண்ணீர். முன்பு சார் இங்கே அடிக்கும்போது நான் பையோடு மரத்தடியில் நிற்பேன். இப்போது மரத்தடியில் யாரும் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு வீசினேன்.

உடனே சாருக்கு ஃபோன் போட்டேன். "பந்து கொளத்துல சார். நான் மேலதான் நிக்கேன்."

"ரெண்டும் மேல நின்ன நாள் எனக்கே கெடையாதுடா" என்றார்.

வாங்கப் போகிறவர்களுக்கு: ஆடும்போது போடும் தடித்த காலுறையோடு போங்கள். காலையில் வாங்கினால் சாயங்காலம் கால் வீங்கிக் கடிக்கும், ஆகவே நான் செய்தது தப்பு, மதியத்துக்கு மேல் போங்கள். கடையில் நடந்தால் போதாது, வெட்கப்படாமல் நாலு தடவை வீசிப் பாருங்கள். முக்கியமாக, வாயில் வரும் நம்பரை நம்பாமல் காலை அளக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பேச்சி முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். இரண்டும் நேராக இருந்தன. "சரி, அடுத்த வாரமும் போங்க" என்றாள். பழைய ஒன்பதைத் தூக்கிப் போடவும் சொன்னாள். அதை மட்டும் பால்கனியில் வைத்திருக்கிறேன், உள்ளே அடைத்த பேப்பரோடு.