ஒரு கையால் கழலும் மோட்டார்

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அக்கா முதலில் மாடிப்படியின் கைப்பிடியைத்தான் தொடுகிறார். பிடித்துக்கொண்டு ஏறுவதற்காக அல்ல. உள்ளங்கையை அதன் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நாலு படி போவார். பிறகு கையை எடுத்து முகர்ந்து பார்ப்பார். "அவசரத்துல பாலிஷ் போட்டிருக்கான்" என்றோ, "இதச் செஞ்சவனுக்கு முட்டி வலியே வந்ததில்ல போலிருக்கு" என்றோ தீர்ப்பு வரும். பல் மருத்துவரிடம் போகும் வழியில், தாடை வீங்கிய நிலையிலும் இதைச் செய்ததை நான் பார்த்திருக்கிறேன்.

தெருவில் அவருக்குக் கைப்பிடி அக்கா என்று பேர். ஐம்பத்திரண்டு வயது. குட்டையான உருவம், பெரிய கைகள், காதில் செருகிய பென்சில். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், வண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டிய அறைதான் பட்டறை. நான் அதற்கு நேர் மேலே குடியிருக்கிறேன். மரக் கைப்பிடி தவிர வேறெதுவும் செய்யமாட்டார். கட்டில், அலமாரி என்று யாராவது வந்தால், "அதுக்கெல்லாம் ஆள் இருக்காங்க" என்று அனுப்பிவிடுவார். முட்டி தேய்ந்தவர்களும், ஒரு பக்கம் கை கால் விழுந்தவர்களும்தான் அவரைத் தேடி வருகிறவர்கள்.

அளவெடுப்பது ஒரு கூத்து. செய்தித்தாளைச் சுருட்டி நூலால் கட்டி, விரல் பருமனிலிருந்து முழங்கைப் பருமன்வரை ஒரு பை நிறைய வைத்திருக்கிறார். ஒவ்வொன்றாக வந்தவரின் கையில் கொடுத்து, "கீழ விழப்போறீங்கன்னு நெனச்சுப் பிடிங்க" என்பார். எந்தச் சுருளைப் பிடிக்கும்போது கட்டைவிரல் நடுவிரலைத் தொடுகிறதோ, அதுதான் அந்தக் கைக்குரிய பருமன்.

எட்டு மாதத்துக்கு முன் அவருடைய கைக்கே பிடிமானம் போனது.

மரத்தின் கூர் விளிம்பை உருட்டி எடுக்கவும் பள்ளம் தோண்டவும் ரவுட்டர் என்று ஓர் இயந்திரம் உண்டு. (அக்கா முதன்முதலில் அந்தப் பேரைச் சொன்னபோது, வீட்டில் இணையம் வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "ஒயரைப் பிடுங்கிச் செருகிப் பாருங்க" என்று சொன்னவன் நான்.) மேலே மோட்டார், கீழே மரத்தின் மேல் சறுக்கிப் போகும் அடித்தட்டு, நடுவில் சுழலும் வெட்டுமுனை. அந்த முனையைப் பிட் என்கிறார்கள். அக்காவின் பழைய இயந்திரத்தில் மோட்டாரும் அடித்தட்டும் ஒரே உடம்பு. பிட் மாற்ற ஒவ்வொரு முறையும் மொத்த எடையையும் புரட்டிப் படுக்கவைத்து, இடுக்குக்குள் இரண்டு ஸ்பேனரை விட்டு முறுக்க வேண்டும். அன்று ஸ்பேனர் வழுக்கியது. இயந்திரம் மேசையிலிருந்து உருண்டது. அக்கா பாய்ந்து பிடித்தார். அதோடு சேர்ந்து சிமெண்டுத் தரையில் விழுந்தார். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது.

"பிளக்கப் புடுங்கியிருந்தேன், அதுவரைக்கும் புத்தி இருந்துச்சு. விழறத விட்டிருக்கணும். விழற பொருளப் பார்த்தா கை தானா போகுதே, என்ன பண்றது?"

தகடு வைத்துத் தைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் மணிக்கட்டு பாதிக்கு மேல் திருகாது. சாவியைத் திருப்ப, குழாயை மூட, புட்டியைத் திறக்க எல்லாவற்றுக்கும் இடது கைதான்.

அவர் கணவர் பேருந்துப் பணிமனையில் நேரம் குறிப்பவர். எந்த வண்டி எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதிவைப்பது வேலை. விபத்தன்று பட்டறைக்குள் முதலில் ஓடியவர் அவர்தான். அதன்பிறகு உள்ளே கால் வைக்கவில்லை. பழைய இயந்திரத்தை எடைக்குப் போட்டபோதுகூட ஆளைத்தான் அனுப்பினார். சத்தம் போடுகிற மனிதர் அல்ல. "போதும்மா" என்பார், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்கு எட்டு மாதமாக அக்கா பதில் சொல்லவில்லை.

போன மாதம் எதிர்க் கட்டடத்தின் மூன்றாவது மாடித் தையல்காரர் இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மூன்று வாரத்தில் வீடு திரும்பிவிடுவார் என்றார்கள். அந்தப் படிக்கட்டு வளைந்து ஏறுவது. பக்கத்தில் பேனா பருமனில் ஓர் இரும்புக் கம்பி. தையல்காரரின் மகள் அக்காவிடம் வந்து நின்றாள். மருத்துவமனையிலேயே போய்க் காகிதச் சுருளைக் கொடுத்து அளவெடுத்துவந்துவிட்டார் அக்கா. அப்புறம் என் கதவைத் தட்டினார். "தம்பி, சனிக்கிழமை கார் சும்மாத்தானே இருக்கு?"

சனிக்கிழமை வண்டியில் ஏறும்போது கணவர் வந்து கதவைப் பிடித்துக்கொண்டார்.

"வேற யாரும் செய்யமாட்டாங்களா?"

"செய்வாங்க. கம்பி மேல ஒரு பலகைய முடுக்கிட்டுப் போயிடுவாங்க. அவரு தெனமும் அதப் பிடிச்சு எறங்கணும்ங்க."

"உன் கை?"

"கைக்குத் தகுந்த மெஷினத்தான் பார்க்கப் போறேன். மோட்டாரு தனியாக் கழலணும், அதுவும் ஒத்தக் கையால கழலணும். அப்படி ஒண்ணு கெடைக்கலன்னா, நானே அந்தப் பொண்ணுகிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன். அப்புறம் நீங்க போதும்னு சொல்லவே வேணாம்."

கணவர் கதவைச் சாத்தினார்.

மரவேலைக் கருவிக் கடை ரயில் பெட்டி மாதிரி நீளம். கடைக்காரர், "எத்தனை வாட்ஸ் பார்க்கறீங்க மேடம்?" என்று ஆரம்பித்தார்.

"வாட்ஸு மரத்துக்கு. எனக்குக் கழலணும்." வலது கையைத் தோள்பைக்குள் விட்டுக்கொண்டார். பரீட்சை முடியும்வரை அதை வெளியே எடுப்பதில்லை என்று முடிவு.

முதலில் வந்தது ஒரே உடம்பு. தொடவே இல்லை. இரண்டாவதில் மோட்டார் தனி. ஆனால் மரை போலத் திருகித் திருகி மேலே எடுக்க வேண்டும். இடது கையால் திருகினால் அடித்தட்டும் கூடவே சுற்றியது. "இதுக்கு ரெண்டு நல்ல கை வேணும். உள்ள வெச்சிருங்க." மூன்றாவதில் பக்கத்தில் ஒரு நெம்பு. தட்டியதும் மோட்டார் வழுக்கிக்கொண்டு வந்தது. கடைக்காரர் பெட்டியைத் தேடக் குனிந்தார். நானும் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அக்கா பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பல்லால் பிரித்தார். உள்ளே மரத்தூள். ஒரு பிடி அள்ளி அடித்தட்டின் குழிக்குள் தூவினார்.

"ஐயோ, புது மெஷினும்மா!" மேடம் அம்மாவாகிவிட்டது.

"எங்கிட்ட வந்தா தெனமும் இதத்தானே திங்கப்போகுது. இங்கயே ஒரு வாய் திங்கட்டும்."

மோட்டாரை இறக்கி மறுபடி இழுத்தார். பாதியில் சிக்கிக்கொண்டது. அடித்தட்டு மேசையை விட்டு எழும்பி அதோடு தொங்கியது. அக்கா தூரிகை வாங்கி, குழியைத் துப்புரவாகத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரருக்குக் கோபம் பாதி குறைந்தது.

"அவ்வளவுதாம்மா. வேற இல்ல."

"அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கறது?"

"அது வெயில் பட்டு நெறம் போனது. பவரும் கம்மி. உங்க வேலைக்குத் தாங்காது."

"எறக்குங்க."

நீலமாக இருந்து சாம்பல் நிறமாகிப்போன இயந்திரம். அக்கா கட்டைவிரலால் நெம்பைத் தள்ளினார். மோட்டார் நேராக, திருகாமல், மேலே வந்தது. தூள் தூவினார். வந்தது. இன்னும் ஒரு பிடி. வந்தது. பத்து முறை எண்ணினார். ஏழாவதில் சற்று முரண்டு பிடித்ததால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார். பிறகு மோட்டாரைத் தலைகீழாக மேசையில் நிறுத்தினார். அதன் தலை தட்டை. பிட் செருகும் வாய் மேலே பார்த்தபடி ஆடாமல் நின்றது. மேசையை இடுப்பால் ஓர் இடி இடித்தார். உருளவில்லை. அதோடு வந்த இரண்டு ஸ்பேனரையும் கத்தரிபோல மாட்டி, இரண்டு பிடியையும் இடது உள்ளங்கைக்குள் சேர்த்து அழுத்தினார். டக்கென்று மரை தளர்ந்தது.

அக்காவின் கண் கலங்கியதை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

"பவர் கம்மிம்மா, அப்புறம் என்னைத் திட்டக்கூடாது" என்றார் கடைக்காரர்.

"ஒரே மூச்சுல வெட்டணும்னு யாரு சொன்னா? மூணு தடவையா வெட்டிக்கறேன். இன்னொரு அடித்தட்டு வேணுமே. ஒண்ணு என் மேசைக்கு அடியில முடுக்கினபடி நிக்கும், ஒண்ணு கையில ஓடும். மோட்டாரு ரெண்டுக்கும் மாறி மாறிப் போகும்." கடைக்காரர் உள்ளறையில் அரை மணி நேரம் உருட்டி, அதே வகையில் ஒன்றைத் தூசியோடு கொண்டுவந்தார்.

முதல் மூன்று நாளும் தோல்விதான். எட்டு மாதம் சும்மா இருந்த தோள் நடுங்கியது. மூன்று நீளக் கட்டைகளில் விளிம்பு கருகிவிட்டது. அவற்றைச் சுவரோரம் சாய்த்துவிட்டு நான்காவதை எடுத்தார். மேலே என் அறையில் இருந்தபடி நான் ஒலியைக் கேட்டுக்கொண்டிருந்தேன்: திணறி, நின்று, மறுபடி திணறி. ஐந்தாம் நாள் அது சீராக, ஒரே சுருதியில் ஓடியது. சாயங்காலம்வரை அப்படியே கேட்ட பிறகு, கை வேலையை வைத்துவிட்டுக் கீழே போனேன்.

அக்கா கண்ணாடி மாட்டியிருந்தார். பென்சில் காதில். வளைவுக்கான துண்டு பிடிப்பானில் இறுகியிருந்தது. நேர்த்துண்டுகள் ஒன்பதும் முடிந்து அடுக்கியிருந்தன. தையல்காரர் வர இன்னும் ஒரு வாரம்.

அப்போதுதான் கணவர் வேலை முடிந்து வந்தார். கையில் இரண்டு கோப்பைத் தேநீர். வாசலோடு நின்றுகொண்டார். அக்கா இயந்திரத்தை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, நெம்பைத் தட்டி மோட்டாரை உருவினார். தலைகீழாக நிறுத்திப் பிட் மாற்றினார். எல்லாம் இடது கையில். மறுபடி உள்ளே இறக்கினார்.

"அவ்வளவுதானா?" என்றார் கணவர்.

"அவ்வளவுதான். தூள் பறக்கும், டீய மூடுங்க."

மூடி எதுவும் இல்லை. அவர் ஒரு கோப்பையை இன்னொன்றின் மேல் வைத்து, மேலதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். அப்படியே ஓர் அடி உள்ளே வந்தார்.

அக்கா குனிந்து மரத்தில் போட்டிருந்த கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. காலை மட்டும் நீட்டி, மேசைக்கடியில் கிடந்த முக்காலியை அவர் பக்கமாகத் தள்ளினார்.