தானாக நடந்து வந்த செருப்புகள்

சென்ற ஆண்டு என் துணைவியாருடன் உல்லாசக் கப்பலில் பயணம் செய்யும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வீட்டு வழக்கப்படி, செருப்புகளை அறைக்கு வெளியே நடைவழியில் கழற்றி விட்டோம். துப்புரவுப் பணியாளர் அவற்றை எடுத்து உள்ளே வைத்தார். நான் மீண்டும் வெளியே வைத்தேன்.

"படுக்கற எடத்துல செருப்ப வெக்கறாங்களே, என்ன பழக்கமுங்க இது?" என்று துணைவியார் சிரித்தார்.

மறுநாள் வேறு காலணிகள் அணிந்து மேல்தளத்துக்குப் போயிருந்தோம்; நண்பகலில் கடல் கறுத்தது. அனைவரும் அறைக்குத் திரும்புமாறு ஒலிபெருக்கி அறிவித்தது. கைப்பிடிக் கம்பியைப் பற்றியவாறு நடைவழியில் வந்துகொண்டிருந்தோம். கப்பல் ஆழத்திலிருந்து முனகியது. விளக்குகள் மங்கின. தரை எங்கள் பக்கமாகச் சாய்ந்தது.

"ஏனுங்க, நம்ம செருப்பு தானா நடந்து வருது பாருங்க!"

அவர் சொல்லி முடிக்குமுன் ஒரு செருப்பு அவர் காலடியில் புகுந்தது. கம்பியிலிருந்து கை நழுவியது. எங்களுக்குப் பின்னால் கனத்த இரும்புக் கதவொன்று கப்பலின் ஆட்டத்தில் திறந்து திறந்து அறைந்துகொண்டிருந்தது. அதை நோக்கிச் சரிந்தவரின் சேலைத் தலைப்பு என் கையில் சிக்கியிராவிட்டால் என்ன நேர்ந்திருக்கும் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

திருப்பூர் திரும்பியதும் எனது பனியன் கம்பெனியின் அவசர வழிக் கதவைச் சென்று பார்த்தேன். தொழிலாளர்களின் செருப்புகள் அனைத்தும் வழக்கம்போல் அங்கேதான் குவிந்து கிடந்தன. அன்றே மதிற்சுவரோரம் அலமாரி அமைத்து அவற்றை அப்புறப்படுத்தினேன்.

"மொதலாளி கப்பல்ல போயிட்டு வந்ததுல இருந்து செருப்பத்தான் எண்ணிட்டிருக்கறாருங்க" என்று தையல் பகுதியில் கேலி பேசுகிறார்கள். பேசட்டும். நாள்தோறும் அந்தக் கதவை நானே திறந்து, வாசல் வெறுமையாக இருப்பதைக் கண்ட பிறகே எந்திரங்களை ஓட்டச் சொல்கிறேன்.