குறிஞ்சாக்கேணியில் ஐஸுக்குள் போன இரத்தம்

போன மாசி மாதம் திருகோணமலைக்குப் போனேன். கடலைப் பார்க்க அல்ல, ஒரு குழாய் இரத்தம் எடுக்க. உடலின் நோயெதிர்ப்புச் சக்தி அந்த உடலையே தாக்கி, தோலையும் நுரையீரலையும் தடிக்கச் செய்கிற நோயொன்றை எங்கள் ஆய்வுகூடத்தில் ஆராய்கிறோம். நம் உடலின் கலங்களுக்குள் (செல்களுக்குள்) மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற நுண்ணிய துணுக்குகள் உண்டு. அவற்றில் சில, கொலாஜன் என்ற நார்ப்புரதம் மிஞ்சிச் சேராமல் அடக்கி வைக்கும். இந்த நோயில் அந்தச் சில குறைந்துபோகின்றன. மருந்து தொடங்கியபின் அவை கூடுமா என்பதுதான் எங்கள் கேள்வி.

நகரின் ஓர்ஸ் ஹில்லில், எங்களுக்கு இடம் தந்த ஆய்வுகூடத்து வாசலில், காலை பத்தரைக்கு ஓட்டோ ஏறினேன். கிண்ணியாப் பாலம் தாண்டிக் குறிஞ்சாக்கேணிக்கு ஏறக்குறைய இருபத்திரண்டு கிலோமீட்டர், ஐம்பது நிமிடம், போக வர ஐயாயிரம் ரூபாய். (பேரம் பேசினால் குறையும். எனக்கு அது வராது.)

நோயாளி ரமீஸா ராத்தா (அக்காவை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) அன்றிரவு முதல் மாத்திரை போடவிருந்தார். மருந்துக்கு முந்திய இரத்தம் அன்று மட்டும்தான் கிடைக்கும். தோல் இறுகிய கையில் நரம்பு பிடிபடவில்லை. நாலாவது குத்தில்தான் வந்தது. "இனிக் குத்தமாட்டன் ராத்தா" என்று வாக்குக் கொடுத்தேன்.

அவர் கணவர் ஹனீபா மீன் வியாபாரி. "தின்னாமப் போக ஏலா, மகள்" என்று கதிரையை இழுத்துப் போட்டார். மீன் ஆணத்தின், அந்தக் குழம்பின், வாசத்தில் எனக்கு வேலை மறந்துவிட்டது. குழாயை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சாப்பிட்டுக் கை கழுவி வந்தால் குழாயைக் காணவில்லை.

"மீனெண்டா ஐஸில வெச்சாத்தானே பழுதாகா. அதான் ஒங்கட ரத்தத்தையும் பெட்டிக்குள்ள வெச்சன்" என்றார் ஹனீபா, பெருமையோடு.

உப்புப் போட்ட ஐஸ், வெறும் ஐஸைவிடக் குளிர். இரத்தம் கட்டியாக உறைந்திருந்தது. உறைந்தால் சிவப்பணுக்கள் வெடித்து, அவற்றுக்குள் இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. துணுக்குகளும் கலந்து, அளவு பொய்யாகிவிடும். எனக்கு அழுகை வந்தது. கோபம் அவர்மேல் இல்லை, ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட உட்கார்ந்த என்மேல்தான்.

விஷயத்தைச் சொன்னேன். ஹனீபாவின் முகம் வாடிப்போயிற்று. குசினிக்குப் போய், இரண்டு கைகளையும் சுடுநீரில் வைத்திருந்துவிட்டு வந்து, மனைவியின் கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

"குளிர் பட்டா என்ட வெரலெல்லாம் நீலமாப் போகும். ஐஸ் புடிச்ச கையோட இவர் என்னைத் தொடமாட்டார். எந்த நாளும் இப்புடிச் சூடாக்கிட்டுத்தான் வருவார்" என்றார் ராத்தா. கை சூடேறியதும் அதை என் பக்கம் நீட்டினார். "இப்ப குத்துங்க, மகள்."

சூட்டில் நரம்பு எழும்பியிருக்க, பையில் மிச்சமிருந்த ஒரே குழாயில் ஒரே குத்தில் வந்தது. இரண்டு மணிநேரத்துக்குள் ஓர்ஸ் ஹில்லுக்குத் திரும்பி, இரத்தத்தைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்தேன். சிவப்புக் கலக்காத வைக்கோல் நிறம்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: மேலதிகக் குழாய் கொண்டுபோங்கள். ஐஸ் வேண்டாம் என்று வீட்டாரிடம் முதலே சொல்லுங்கள். சாப்பாட்டை மறுக்காதீர்கள், குழாயைப் பையில் வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். ஊசியை எடுக்குமுன், இந்தக் கையை வீட்டில் யார் சூடாக்குகிறார் என்று கேளுங்கள். நான் கேட்டிருந்தால், அந்த முதல் மூன்று குத்தையும் ராத்தா வாங்கியிருக்கமாட்டார்.